நிறையக் குழாய் கொடு, முருகா

எங்கள் குடும்பத்தில் பாஸ்போர்ட் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். அதில் ஒரு முத்திரைகூடக் கிடையாது. துபாயில் ஏ.சி. மெக்கானிக் வேலை என்று ஒரு ஏஜென்ட் சொன்னதை நம்பி எடுத்தது. ஏஜென்ட் போன இடம் தெரியவில்லை. பாஸ்போர்ட் மட்டும் அம்மாவின் பீரோவில் பட்டுப்புடவைக்கு நடுவில் சொகுசாகப் படுத்திருந்தது. "போட்டோல மட்டும்தாண்டா பாலு நீ ஃபாரின் போற ஆளு" என்று கலா அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். கடைசியில் அந்தப் பாஸ்போர்ட்டில் முதல் முத்திரை விழுந்தது அவளால்தான். அவளை டிபன் டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு நான் பினாங்கு போனேன்.

முழு அக்காவை இல்லை. முழு அக்கா எந்த டப்பாவிலும் அடங்கமாட்டாள். நெய்வேலி நகரியத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். அவள் கிரவுண்டில் விசில் ஊதினால் மந்தாரக்குப்பத்தில் ஓடுகிற பஸ் நின்றுவிடும் என்று நான் கிண்டல் செய்வேன். நான் எடுத்துப் போனது அவள் மார்பிலிருந்து அறுத்தெடுத்த கட்டியின் ஒரு துண்டு. மெழுகில் புதைத்துத் தீப்பெட்டியில் பாதி அளவுக்கு வில்லையாகச் செய்திருந்தார்கள். கூடவே நாலைந்து கண்ணாடிச் சில்லுகள். அவற்றின் பெயர் சிலைடு.

கடலூர் வெள்ளத்தில் மிதந்த வருஷம் அது. ஆனால் வெள்ளத்துக்கு முன்னால், கத்திரி வெயில் காலத்தில். அக்காவுக்குப் பாண்டிச்சேரியில் ஆபரேஷன் முடிந்திருந்தது. கட்டி சின்னது, அக்குளில் எடுத்துப் பார்த்த இடமெல்லாம் சுத்தம் என்று டாக்டர் சந்தோஷமாகத்தான் சொன்னார். ஆனால் ரிப்போர்ட்டில் ஒரே ஒரு வரி இடித்தது. ஒரு ரத்தக் குழாய்க்குள் புற்றுச் செல்கள் இருப்பதுபோல் தெரிகிறதாம், உறுதியில்லையாம். நிஜமாகவே குழாய்க்குள் நுழைந்திருந்தால், அது வேறு இடத்துக்குப் போக வழி தேடியிருக்கலாம். அப்போது கீமோ ஏற்றுவது நல்லது. நுழையவில்லை என்றால் கதிர்வீச்சும் தினம் ஒரு மாத்திரையும் போதும்.

அக்காவுக்கு வந்ததே கோபம்.

"இருக்குன்னா இருக்குன்னு சொல்லு, இல்லன்னா இல்லன்னு சொல்லு. கபடில கோட்டத் தாண்டிட்டாளான்னு கேட்டா 'தாண்டுன மாதிரி இருக்கு'ன்னு நான் சொல்ல முடியுமா? பொண்ணுங்க என்ன கிரவுண்ட வுட்டே வெரட்டிடுவாளுங்க."

"சரி, இப்ப இன்னா பண்ணலாங்கற?" என்றார் சேகர் மாமா. அக்கா புருஷன். மைன்ஸில் பர்மனன்ட். ராட்சத இயந்திரத்தின் மேல் உட்கார்ந்து மண்ணை வாரிக் கொட்டுகிறவர், அக்கா எதிரில் மட்டும் ஸ்பூனால் சாப்பிடுகிற குழந்தை மாதிரி இருப்பார்.

"முடி போவணும்னா போவட்டும். வாந்தி வரணும்னா வரட்டும். வேணும்னாதான் ஏத்திக்குவேன். சந்தேகத்துக்கெல்லாம் என்னால மொட்டயாவ முடியாது."

அப்போதுதான் பத்மினி அக்கா பேச்சு வந்தது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரி, அக்காவோடு ஒரே பெஞ்சில் படித்தவள். அவள் அப்பா ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு அந்தக் குடும்பம் போய்விட்டது. எங்கள் நகரியத்தில் எல்லாக் கதையும் இப்படித்தான், எல்லா ஜில்லாக்காரனும் வந்து ஒன்றாக வளர்ந்து உலகம் பூராவும் சிதறிவிடுவான். பத்மினி அக்கா படித்து, கல்யாணமாகி, இப்போது பினாங்கில் ஒரு ஆஸ்பத்திரியில் டாக்டர். நோயாளியைப் பார்க்கிற டாக்டர் இல்லை, சதையை மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்கிற டாக்டர். "குழாய்ச் சுவரை மட்டும் பழுப்பாக் காட்டற சாயம் ஒண்ணு இருக்கு, போட்டுப் பாத்தா தெரிஞ்சிடும்" என்று போனில் சொன்னாள்.

"அதே சாயம் சென்னைலயும் இருக்கும்" என்றார் மாமா. நியாயமான பேச்சு.

"இருக்கட்டும். நான் கணக்குல ஃபெயிலானப்ப எல்லாரும் எனக்கு ஆறுதல் சொன்னாங்க. 'நீ படிக்கல கலா'ன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னது பத்மினி ஒருத்திதான். அவ பாத்துச் சொல்லட்டும்."

கூரியரில் அனுப்பலாம் என்றார் மாமா. கல்யாணப் பத்திரிகையைக் கல்யாணம் முடிந்த பிறகு கொண்டுவந்து கொடுத்த கூரியரைத்தான் எங்களுக்குத் தெரியும். எல்லாரும் யோசித்தார்கள். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் அப்போது நாலாவது இட்லியில் இருந்தேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பத்தாவது பாஸ். பதினொன்றில் எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒத்துப்போகவில்லை. மைன்ஸில் பம்ப் செக்‌ஷனில் கான்ட்ராக்ட் வேலை. எங்கள் ஊர் நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் இருக்கிறது. சும்மா இருக்காது, மேலே முட்டிக்கொண்டே இருக்கும். சுரங்கத்தைச் சுற்றிக் குழாய் இறக்கி, ராவும் பகலும் பம்ப் போட்டு இழுத்தால்தான் கரி எடுக்கலாம். இல்லாவிட்டால் தரையைப் பொத்துக்கொண்டு தண்ணீர் வந்து சுரங்கம் ஏரியாகிவிடும். ஒரு பம்ப் நின்றாலே ஆபீசர் முகம் சுருங்கும். குழாய் நிறைய ஓடினால் எல்லாருக்கும் நிம்மதி. எனக்குத் தெரிந்த விஞ்ஞானம் அவ்வளவுதான்.

கிளம்புகிற அன்று காலையில் அக்கா டப்பாவை எடுத்து வைத்தாள். மூன்று தட்டு. அடித்தட்டில் பஞ்சு வைத்து மெழுகு வில்லை, சிலைடு. வெயிலில் மெழுகு உருகிவிடும் என்று நடுத்தட்டில் ஈரத்துணி. மேல்தட்டில் புளிசாதம்.

"பசில கீழ்த்தட்டுல கைய வெச்சிடாத."

"ச்சே, ஒன்ன எவன்க்கா சாப்புடுவான்? காரம் தாங்காது."

"தொலச்சிடாதடா. நான் ஒருத்திதான் இருக்கேன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான்தான் பஸ் ஏறுவதற்குள் டப்பாவின் கொக்கியை மூன்று தரம் சரிபார்த்தேன்.

மலேசியாவில் இறங்கியதும் ஒரு அதிகாரி என் பையைத் திறக்கச் சொன்னார். டப்பாவைத் தொட்டுக் காட்டி, இது என்ன என்று இங்கிலீஷில் கேட்டார். பதில் சொல்ல நான் பிளேன் பூராவும் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். எல்லாம் மறந்துபோய் ஒரே வார்த்தைதான் வந்தது.

"மை சிஸ்டர்."

அவர் டப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "உன் அக்கா எங்கே?"

"உள்ளே. கொஞ்சம்தான்."

பக்கத்தில் நின்றிருந்த இன்னொருவர் ஒரு எட்டு பின்னால் போனார். அப்புறம்தான் ஆஸ்பத்திரியில் கொடுத்த கடுதாசி ஞாபகம் வந்தது. அவர் நின்று நிதானமாகப் படித்தார். முகம் மாறியது. "மார்பா?" என்று கேட்டு, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். தலையாட்டினேன். "என் மனைவிக்கும்" என்றார். பிறகு டப்பாவை இரண்டு கையாலும் மூடி, கொக்கி மாட்டி, கோயிலில் பிரசாதம் கொடுக்கிற மாதிரி என்னிடம் நீட்டினார். புளிசாதத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. பக்கத்தில் இருந்தவர்தான் அதை மோந்து பார்த்தார்.

பினாங்கில் பத்மினி அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். முதல் கேள்வி, "பசியாறிட்டியா?" அங்கே டிபன் சாப்பிட்டாயா என்பதை அப்படித்தான் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்து பசியாறுகிறவர்கள் சாமியார்கள்தான், யாரைக் கேட்கிறாள் என்று விழித்தேன். ரொட்டி சானாய் என்று ஒன்று வாங்கித் தந்தாள். நம் பரோட்டாவுக்கு வெளிநாட்டுப் பெரியப்பா பையன் மாதிரி இருந்தது, மெலிசாக, ஒல்லியாக, கொஞ்சம் திமிராக. பருப்புக் குழம்பில் போட்டதும் திமிர் அடங்கிவிட்டது.

"டேய், உன்ன டவுசர்ல பாத்தது. என் சைக்கிள் காத்தப் பிடுங்கி விட்டவன்தான நீ?"

"அது வேற பாலுங்க."

"வேற பாலுவா? நகரியத்துல எனக்குத் தெரிஞ்ச பிசாசு ஒண்ணுதான்லா." நெய்வேலித் தமிழுக்கு நடுவில் அந்த ஊர் 'லா' ஒன்றும் அவளிடம் ஒட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மெழுகு வில்லையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "கலா" என்றாள், மெதுவாக. அப்புறம் உடனே டாக்டராகிவிட்டாள்.

"ரெண்டு மூணு நாள் ஆவும். மெல்லிசா சீவி, சாயம் போட்டு, ரத்தக் குழாய் எத்தன இருக்குன்னு எண்ணணும். உள்ள எதுவும் மாட்டியிருக்கான்னு பாக்கணும். எங்க பெரிய டாக்டரும் பாப்பாங்க. அதுவரைக்கும் நீ ஊரச் சுத்து. எதையும் தொடாத."

குழாயை எண்ணப் போகிறார்கள்! எனக்கு ஒரு தெம்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரி விஷயம் எதுவும் எனக்குத் தெரியாது, குழாய் விஷயம் தெரியும். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அந்த ஊரில் காசு வாங்காத பஸ் ஒன்று ஓடுகிறது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன். கடல், பழைய வெள்ளைக்காரன் கட்டடம், சீனர் கோயில், மசூதி, நம் பூக்கடை. அழகான ஊர். ஆனால் தெருவெல்லாம் வளைந்து வளைந்து போகிறது. எங்கள் நகரியத்தில் பிளாக் நம்பர் சொன்னால் குருடனும் வீடு சேருவான். கடைசி ஸ்டாப்பில் இறங்கிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருந்தேன். கடைசி ஸ்டாப் வரவே இல்லை. ஒரே பூக்கடை திரும்பத் திரும்ப வந்தது. இந்த ஊரில் பூக்கடைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன, ஒரே அம்மாள்தான் எல்லாக் கடையிலும் உட்கார்ந்திருக்கிறாள் என்று ஆச்சரியப்பட்டேன்.

டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பினார். தமிழர். "தம்பி, ரொம்ப நேரமா சுத்திக்கிட்டு வர்றிங்க. எங்க போகணும்?"

"கடைசி ஸ்டாப்புங்க."

"இதுக்குக் கடைசியே கிடையாதுலா. இது வட்டம். நான் வீட்டுக்குப் போனாத்தான் முடியும்."

பஸ்ஸே சிரித்தது. அவருக்கு என்னைப் பார்த்துப் பாவமாகிவிட்டது. எதற்கு வந்தேன் என்று கேட்டார், சொன்னேன். "அக்காவுக்காகவா? அப்ப தண்ணீர்மலைக்குப் போங்க தம்பி. நம்ம முருகன் இருக்காரு. கேட்டதக் குடுப்பாரு" என்றார். பேரைக் கேட்டதுமே எனக்குப் பிடித்துவிட்டது. தண்ணீர் என்றால் நம் செக்‌ஷன்.

சாயங்காலம் அக்கா வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். "ஏன்டா, நான் எப்படி இருக்கேன்?"

"சூப்பரா இருக்கக்கா. ஏ.சி. ரூம்ல குந்திகினு இருக்க. மெல்லிசா சீவிகினு இருக்காங்க ஒன்ன."

"அங்கயாச்சும் எளைக்கறனே, சந்தோஷம்." குரலைத் தாழ்த்தினாள். "பத்மினி எதுனா சொன்னாளா?"

"இன்னும் இல்லக்கா."

"அவ மூஞ்சி எப்படி இருந்துது?"

"ஒன்னப் பாத்துட்டு ஒம்பேரச் சொன்னா."

வீட்டுக்குள் மாமா குக்கர் விசிலை எண்ணுகிற சத்தம் கேட்டது. அக்கா கை தூக்கக் கூடாது என்பதால் சமையல் அவர்தான். அந்தச் சமையலைச் சாப்பிடுவதற்குக் கீமோவே மேல் என்பது அக்காவின் கருத்து.

மூன்றாம் நாள் தண்ணீர்மலை. படி ஏறி ஏறி மூச்சு வாங்கியது. சுரங்கத்துக்குள் இறங்கிப் பழகியவனுக்கு ஏறுவது கஷ்டம்தான். வழியில் ஒரு குரங்கு வந்து தட்டிலிருந்த வாழைப்பழத்தைப் பிடுங்கிக்கொண்டது. மனு மேலே போய்ச் சேர்ந்தது என்று எடுத்துக்கொண்டேன். சன்னதியில் நின்று கண்ணை மூடி, நன்றாகத் தெளிவாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் வேண்டிக்கொண்டேன்.

"முருகா, நான் நெய்வேலி பம்ப் செக்‌ஷன் பாலு. எங்க அக்காவ எண்ணிகினு இருக்காங்க. அதுல குழாய் நெறைய இருக்கணும். நெருக்கமா இருக்கணும். எல்லாம் நல்லா ஓடணும். பாத்துக்க."

கீழே வந்து நிம்மதியாகச் சாப்பிடப் போனேன். நாசி கண்டார் என்று அந்த ஊர் முஸ்லிம் கடைச் சாப்பாடு. சோற்றைப் போட்டுவிட்டு, நாலு கரண்டியை எடுத்துக்கொண்டு கடைக்காரர் என்னவோ கேட்டார். வரிசையில் பின்னால் நின்றவர் மொழிபெயர்த்தார்: "குழம்பை வெள்ளமா ஊத்தட்டுமான்னு கேக்கறாரு."

"ஊத்தச் சொல்லுங்க. வெள்ளத்த எறைக்கறதுதான் என் வேல."

மீன் குழம்பு, கோழிக் குழம்பு, வெண்டைக்காய்க் குழம்பு எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகச் சோற்றை மூழ்கடித்தன. நம் ஊரில் இப்படிக் கலந்து ஊற்றினால் அடிதடி நடக்கும். இங்கே அதுதான் ருசி. ஒரு ஷிப்ட் வேலை பார்த்த மாதிரி வேர்த்து முடித்தேன்.

அன்று மத்தியானம் படகுக்குப் பக்கத்தில் போனதுதான் தப்பு. எல்லாரும் சும்மா ஏறினார்கள், நானும் ஏறினேன். யாரும் டிக்கெட் கேட்கவில்லை. பஸ்ஸும் இலவசம் படகும் இலவசம், இவர்கள் எப்படித்தான் பிழைக்கிறார்களோ என்று கடலைப் பார்த்தபடி அக்கரைக்குப் போய்விட்டேன். திரும்புகிறபோது கதவில் மடக்கினார்கள். போவதற்குக் காசில்லை, வருவதற்கு மட்டும்தானாம். சட்டைப்பையில் இருந்த காசு சாப்பாட்டோடு தீர்ந்திருந்தது, மணிபர்ஸ் பத்மினி அக்கா வீட்டு டீப்பாய் மேல் இருந்தது. தலையில் முக்காடு போட்ட ஒரு மலாய் அம்மாள், பாஷை புரியாமலே என் முகத்தைப் படித்துவிட்டுச் சில்லறையைப் போட்டாள். பிறகு பக்கத்திலிருந்த தோழியிடம் என்னவோ சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். "இந்தப் பையனை அவன் அம்மா எப்படித் தனியாக விட்டாள்?" என்று சொன்னதாகப் பிறகு அவர்களே ஜாடை காட்டி விளக்கினார்கள்.

நாலாம் நாள்.

லேப் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்திருந்தார்கள். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கிற மைக்ராஸ்கோப். ஒரு பக்கம் பத்மினி அக்கா, எதிர்ப் பக்கம் பெரிய டாக்டர், வயதான சீன அம்மாள், முகத்தில் மாஸ்க். சிலைடை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் பெரிய டாக்டர் இங்கிலீஷில் சொன்னது எனக்கே புரிந்தது: "குழாய் இல்லை. வெறும் இடைவெளி. சுற்றிலும் குழாய்கள் மிகவும் குறைவு."

சொல்லிவிட்டு எழுந்து போனார். மாஸ்க்குக்குள் சிரித்தாரா முறைத்தாரா தெரியவில்லை. பத்மினி அக்காவுக்கும் அதே நேரம் யாரோ போன் செய்ய, எனக்குக் கையைக் காட்டி 'இரு' என்றுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

குழாய் இல்லை. மிகவும் குறைவு. குழாய் குறைந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? அந்த மலை ஏறி அவ்வளவு தெளிவாகக் கேட்டேனே!

இரு என்றால் இருக்கிற ஆளா நான்? அக்காவைக் கூப்பிட்டேன். அவள் லீவிலும் கிரவுண்டுக்கு வந்துவிடுவாள். நாற்காலியில் உட்கார்ந்தே பொண்ணுங்களுக்கு சம்மர் கேம்ப் நடத்திக்கொண்டிருந்தாள். பந்து அடிக்கிற சத்தம் கேட்டது.

"சொல்றா."

"அக்கா..." என்றேன்.

அவள் குரல் ரொம்ப நிதானமாக வந்தது: "என்னவா இருந்தாலும் சொல்லு. நான் உக்காந்துதான் இருக்கேன்."

"குழாயே இல்லயாம்கா."

"அப்படின்னா?"

"வெறும் சந்துதானாம். சுத்தி இருக்கற குழாயும் ரொம்பக் கம்மியாம். நான் முருகன்கிட்ட எவ்ளோ கேட்டேன் தெரியுமா? தர்லக்கா அந்தாளு." அழுதேவிட்டேன். அந்தப் பக்கம் போன நர்ஸ் ஒருத்தி டிஷ்யூ காகிதத்தை நீட்டிவிட்டுப் போனாள்.

"டேய். இன்னொரு வாட்டி சொல்லு. குழாய் இல்லன்னாங்களா?"

"ஆமாக்கா."

"சுத்தி கம்மின்னாங்களா?"

"ரொம்ப ரொம்பக் கம்மியாம்."

அடுத்த நிமிஷம் போனுக்குள்ளிருந்து விசில் ஒன்று வந்தது பாருங்கள், கடல் தாண்டி வந்து என் காதைப் பொத்தல் போட்டுவிட்டது. நிறுத்தாமல் ஊதினாள். பொண்ணுங்க எல்லாம் "மிஸ், யாரு ஃபவுல்? யாரு ஃபவுல்?" என்று கத்துகிறார்கள். நான் அழுகையை மறந்து போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

"டேய் பம்பு!" அக்கா சிரிப்பில் திணறினாள். "எரும! அது நல்ல சேதிடா!"

"குழாய் கம்மின்னா எப்படிக்கா நல்ல சேதி?"

"அது ஒங்க மைன்ஸ் குழாய் இல்லடா, திருடன் இழுத்துக்கற குழாய். கேளு. நம்ம வூட்டுக்குப் பின்னால எவனோ ஒருத்தன் வந்து ராவோட ராவா கொட்டா போட்டுட்டான்னு வெச்சிக்க. கரன்ட் இல்ல, தண்ணி இல்ல. இன்னா பண்ணுவான்?"

"குந்திகினு இருப்பான்."

"ஆங். போஸ்ட்லேந்து கொக்கி போட்டு, மெயின் பைப்புலேந்து லைன் இழுத்துட்டான்னா?"

"மாடி கட்டுவான்."

"மாடி கட்டுவான், மச்சான வரச் சொல்லுவான். அந்த பைப்பப் புடிச்சிகினே அடுத்த பிளாக்குக்கும் போய்க் கொட்டா போடுவான். கட்டியும் அப்படித்தான்னு பத்மினி எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கா. வளரணும்னா ஒடம்புகிட்ட குழாய் கேக்கும். நெறைய குழாய் இழுத்தா நெறைய தீனி, தப்பிச்சிப் போவ நெறைய வழி. என்னுது லைன் இழுக்கறதுக்கு முன்னாடியே புடிச்சிட்டாங்கடா! குழாய்க்குள்ள பூந்திருக்குன்னு பயந்தாங்களே, அது குழாயே இல்லயாம்டா!"

டீச்சர் ஆனதிலிருந்து 'வீடு' என்று திருத்தமாகப் பேசுகிறவள் அன்று 'வூடு' என்றாள். அதைச் சொல்லிக் கிண்டல் செய்ய வாய் வந்தது. அந்த ஒருநாள் விட்டுவிட்டேன்.

"ஆமா, முருகன்கிட்ட இன்னாடா கேட்ட?"

சொன்னேன்.

"நெருக்கமா இருக்கணும்னு வேற கேட்டியா?"

"நல்லா ஓடணும்னும் கேட்டேன்."

"போ! இப்பவே போய் வாபஸ் வாங்கு! அவரு ஃபைலத் தொறக்கறதுக்குள்ள போடா!"

பத்மினி அக்கா வந்து பார்த்தபோது நான் ஒரு கண்ணால் அழுதுகொண்டு ஒரு கண்ணால் சிரித்துக்கொண்டிருந்தேன். "இருன்னு சொன்னா இருக்க மாட்டியா? மொதல்ல நான்தான அவகிட்ட சொல்லணும்!" என்று முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு என்னை மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தாள்.

என் அக்காவை அப்படி நான் பார்த்ததே இல்லை. நீலப் புள்ளிகள், வெளிறிய மணல் மாதிரி ஏதோ. அங்கே ஒன்று இங்கே ஒன்றாகப் பழுப்பு வளையம். "அதெல்லாம் குழாய். வெட்டுனதால வட்டமாத் தெரியுது. பாத்தியா, எவ்வளவு கம்மி? இதோ, இந்தச் சந்துக்குள்ளதான் செல்லு கெடக்கு. சுத்தி பழுப்பு இருக்கா? இல்ல. அப்ப இது குழாய் இல்ல. சத சுருங்கினப்ப விட்ட இடைவெளி."

"அப்ப அக்காவுக்கு இனிமே வரவே வராதாக்கா?"

"அப்படி யாராலயும் சொல்ல முடியாது பாலு. குழாய எண்ணறத வெச்சு மட்டும் யாரும் வைத்தியம் முடிவு பண்றதில்ல, அது இன்னும் ஆராய்ச்சிலதான் இருக்கு. ஆனா கட்டி சின்னது, அக்குள் சுத்தம், சந்தேகப்பட்ட எடம் சந்தேகம் தீந்துபோச்சு. எல்லாம் ஒரே பக்கமாத்தான் கை காட்டுது. முடிவு பாண்டிச்சேரி டாக்டரோடது. நான் எழுதித் தர்றேன்." மூஞ்சிக்கு நேராகச் சொல்கிறவள் என்று அக்கா சொன்னது சரிதான்.

நெருக்கமாக இருந்தால் எப்படி இருக்கும் என்று கேட்டேன். யாருடையது என்று சொல்லாமல் வேறொரு சிலைடை வைத்தாள். குனிந்தேன். பழுப்பு, பழுப்பு, பழுப்பு. திருவிழாவில் வளையல் கடையைக் கொட்டிவிட்ட மாதிரி வளையத்தோடு வளையம் இடித்துக்கொண்டு கிடந்தது. இதைத்தான் நான் என் அக்காவுக்குக் கொடு என்று கேட்டிருக்கிறேன். இதுவும் யாரோ ஒருத்தருடைய அக்காதான். அவளுக்குத் தம்பி இருக்கிறானா, எந்தப் படகில் சுற்றிக்கொண்டிருக்கிறான் தெரியவில்லை. கண்ணை எடுத்துவிட்டேன்.

அடுத்த நாள் காலையில் முதல் ஆளாகத் தண்ணீர்மலை ஏறினேன். வேண்டுதல் வைக்க மந்திரம் இருக்கிறது, வாபஸ் வாங்க என்ன சொல்வது? நேராகவே சொல்லிவிட்டேன். "முருகா, முந்தாநாள் குடுத்த மனுவக் கிழிச்சிப் போட்டுடு. தப்பாக் கேட்டுட்டேன். அக்காவுக்குக் கம்மியாவே இருக்கட்டும். அந்த இன்னொரு சிலைடுக்காரிக்கும் ஒவ்வொண்ணா அடைச்சி வுட்டுடு. ஆனா எங்க மைன்ஸ்ல மட்டும் எதையும் அடைச்சிடாத, எனக்கு வேல போயிடும்."

டிக்கெட்டை ரத்து செய்தால்கூடக் கொஞ்சம் பிடித்துக்கொண்டுதான் தருகிறார்கள். முருகனுக்கும் ஏதாவது பிடித்தம் இருக்குமே? என்னிடம் பிடிப்பதற்கு இருந்தது முடி ஒன்றுதான். ஊருக்குள் வந்து ஒரு சலூனில் உட்கார்ந்து மொட்டை போடச் சொன்னேன். வழித்த முடியை ஒரு காகிதத்தில் மடித்து மறுபடி ஏறி, உண்டியல் பக்கத்தில் வைத்தேன். அதே குரங்கு வந்து பிரித்துப் பார்த்துவிட்டு, என்னைக் கேவலமாக ஒரு பார்வை பார்த்துப் போனது.

சென்னையில் இறங்கியபோது பாஸ்போர்ட் பார்க்கிறவர் போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இது நீதானா?"

"நான்தான் சார். முடி மட்டும் மலேசியாவுல செட்டில் ஆயிடுச்சு."

நெய்வேலி ஆர்ச் பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கினேன். மாமா பைக்கில், அக்கா பின்னால். என் தலையைப் பார்த்ததும் மாமா பைக்கை ஸ்டாண்ட் போட மறந்து, வண்டியோடு சாய்ந்தார். அக்கா இறங்கி வந்தாள். வலிக்காத கையால் என் மொட்டையைத் தடவினாள். தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு டப்பாவை வாங்கி, காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்த்தாள்.

"முழுசாக் கொண்டாந்துட்டியா?"

"கொஞ்சம் சீவிட்டாங்க. மீதி அப்படியே இருக்கு."

மறுநாளே மூன்று பேரும் பாண்டிச்சேரி போனோம். டாக்டர் பத்மினி அக்கா எழுதியதையும் தன் ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். திரும்பவும் படித்தார். அக்கா என் கையைப் பிடித்திருந்தாள். கபடியில் பிடிக்கிற பிடி. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "கீமோ வேணாம்மா. ரேடியேஷன் குடுத்துடலாம். அப்புறம் மாத்திர. ஒழுங்கா செக்கப்புக்கு வரணும்." மாமாதான் முதலில் அழுதார். அக்கா அவரைப் பார்த்து, "இனிமே சமையல் கத்துக்க நெறைய டைம் இருக்கு" என்றாள்.

சாயங்காலம் நகரியத்தில் வந்து இறங்கியபோது பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அம்மாள் பால் வாங்கிக்கொண்டு எதிரில் வந்தாள். அக்காவுக்கு என்னவோ என்று பிளாக் பூராவும் அரைகுறையாகத் தெரியும். அவள் அக்காவின் நீளப் பின்னலைப் பார்த்தாள். என் மொட்டையைப் பார்த்தாள். கண் கலங்கி, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ தம்பி, ஒனக்கா கேன்சரு? கலாவுக்குன்னுல்ல சொன்னாங்க!"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா பின்னலை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டாள்.

"எனக்குத்தாங்க வந்துது. மொட்டைய மட்டும் இவனுக்குக் குடுத்துட்டாங்க."